‘ரெசிலியன்ட்’ – புகழ்ச்சியா, சுமையா?

எடை பார்க்காமல் சரக்கு வாங்குகிறவன் ஏமாறுவான். பொருள் பார்க்காமல் புகழ்ச்சி வாங்குகிறவனும் அப்படியே ஏமாறுவான். உழைக்கும் மக்களாகிய நமக்கு இப்போதெல்லாம் தாராளமாக வழங்கப்படும் ஒரு புகழ்ச்சியைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது ஓர் ஆங்கிலச் சொல். ‘ரெசிலியன்ட்’ என்பது அதன் பெயர்.

வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா வட்டாரத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ஆங்கிலம் ஒரு காலத்தில் தூரத்துச் சரக்கு. 2008ல் ஸ்ரீ சிட்டி தொடங்கிய பிறகு அது வாசலுக்கே வந்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் ஆங்கிலத்தில் வருகிறது. ஆண்டு முடிவில் மேலதிகாரி எழுதும் மதிப்பீட்டுத் தாள் ஆங்கிலத்தில் வருகிறது. பிள்ளைகள் பள்ளியில் எழுதும் கட்டுரையும், அதிகாரிகளுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் மனுவும்கூட ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த நான்கு இடங்களிலும் ‘ரெசிலியன்ட்’ என்ற சொல்லை நாம் சந்திக்கிறோம். ‘கஷ்டம் வந்தாலும் அசையாதவர்’, ‘எதையும் தாங்குபவர்’ என்று அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம்.

அது பிழை. ஒரு சொல்லுக்குப் பொருள் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். குடி முழுகத்தான் செய்யும். எப்படி என்று பார்ப்போம்.

சொல்லின் பிறப்பு

இச்சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘சலீரே’ என்றால் குதித்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டுக்குத் திரும்ப, பின்னால் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால், துள்ளித் திரும்புதல். அழுத்தினால் அமுங்கி, கையை எடுத்ததும் பழைய உருவத்துக்குத் துள்ளி வருகிறதே ஒரு ரப்பர் பந்து, அதுதான் இச்சொல்லின் ஆதிப் பொருள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர்கள் இதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ ஒரு சுமையின் அதிர்ச்சியை எவ்வளவு வாங்கிக்கொண்டு, சுமை நீங்கியதும் உருக்குலையாமல் திரும்பும் என்று அளப்பதற்கு இச்சொல் பயன்பட்டது. 1973ல் ஹோலிங் என்ற கனடா நாட்டு அறிவியலாளர் காடு, ஏரி போன்ற இயற்கை அமைப்புகளுக்கு இதைப் பொருத்தி எழுதினார். அதன் பிறகு மனநூலார் எடுத்துக்கொண்டார்கள். பேரிடர் மேலாண்மைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அரசியல்வாதிகளும் கம்பெனி நிர்வாகிகளும் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் இதற்கு ‘மீள்திறன்’ என்று இன்று எழுதுகிறார்கள். நல்ல சொல். ‘மீள்’ என்ற பகுதி அதில் இருக்கிறது. மீண்டு வருதல் இல்லாத இடத்தில் மீள்திறன் என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழ்ச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆங்கிலச் சொல்லில் வழுக்கி விழ மாட்டோம்.

இலக்கணம் ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம். ‘ட்’ என்று முடிந்தால் அது ஆளின் தன்மையைச் சொல்லும் அடைமொழி. ‘ஸ்’ என்று முடிந்து ‘ரெசிலியன்ஸ்’ ஆனால் அது அந்தத் தன்மையின் பெயர். ‘அவள் ரெசிலியன்ட்’ என்பது சரி. ‘அவள் ரெசிலியன்ஸ்’ என்று எழுதினால் தமிழில் ‘அவள் வீரம்’ என்று எழுதியதைப் போல் ஆகும்.

ஒன்றுபோல் தோன்றும் நான்கு சொற்கள்

ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய உறவினர் சிலர் உண்டு. ஒருவரை மற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது.

‘ட்யூரபிள்’ என்பது நீடித்து உழைப்பது. செருப்பு, வாளி, மிதிவண்டி டயர் இவற்றுக்கு உரியது. மனிதனுக்கு இச்சொல் ஆகாது.

‘டாலரண்ட்’ என்பது ஒரு தொல்லையை ஓரளவு பொறுத்துக்கொள்வது.

‘என்ட்யூரிங்’ என்பது காலம் கடந்தும் நிலைத்திருப்பது. இதற்கு இந்த மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. சத்தியவேடு வட்டாரம் அப்படிச் சேர்ந்ததுதான். அங்கே பரம்பரையாக இருந்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓர் அடியும் நகரவில்லை. எல்லைக் கோடுதான் நகர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது என்றால், அந்தத் தமிழுக்கு ‘என்ட்யூரிங்’ என்ற சொல் பொருந்தும். அது விழுந்து எழவில்லை. விழாமல் நிலைத்தது.

நான்காவதுதான் நம் ‘ரெசிலியன்ட்’. விழுந்தது அல்லது வளைந்தது, பின்பு மீண்டது. இந்த இரண்டும் நடந்திருந்தால்தான் இச்சொல்லுக்கு உரிமை.

இப்போது ஒரு கேள்வி. சுமை இன்னும் முதுகில் இருக்கும்போதே ஒருவரை ‘ரெசிலியன்ட்’ என்று அழைக்கலாமா? அழைக்கக் கூடாது. அமுக்கிய கையை எடுக்காமலே பந்தைப் பார்த்து, ‘ஆகா, எப்படித் துள்ளுகிறது!’ என்று சொல்லும் பேச்சு அது.

வரம்பு எங்கே?

பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். கம்பியை இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் இழுத்துவிட்டால் விட்ட பிறகும் அது பழைய நீளத்துக்கு வராது. அந்த அளவுக்கு ‘மீட்சி எல்லை’ என்று பாடப்புத்தகம் பெயர் சொல்லும். ஆக, இரும்புக்கே வரம்பு உண்டு. அந்த வரம்பைக் கணக்கிடாமல் எந்தப் பொறியாளனும் பாலம் கட்டுவதில்லை.

நெல்லுக்கும் வரம்பு உண்டு. ஆந்திரத்து மாருட்டேரு ஆராய்ச்சி நிலையம் தந்த ‘ஸ்வர்ணா’ நெல்லை இங்குள்ள உழவர்கள் அறிவார்கள். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் பண்பை அந்த நெல்லில் புகுத்தி, ‘ஸ்வர்ணா சப்-1’ என்ற வகையை விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். 2009ல் அது இந்தியாவில் வெளியிடப்பட்டது. சுமார் இரண்டு வாரம் வரை முழுதும் மூழ்கிக் கிடந்தாலும், நீர் வடிந்த பிறகு அது தளிர்க்கும். இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். இரண்டு வாரம் என்று கெடு சொல்லியிருக்கிறார்கள். நீர் வடிந்த பிறகு என்று நிபந்தனையும் சொல்லியிருக்கிறார்கள். நீர் வடியாவிட்டால் எந்த நெல்லும் அழுகும்.

இரும்புக்கு அளவு சொன்னவர்கள், நெல்லுக்கு நாள் சொன்னவர்கள், மனிதனுக்கு மட்டும் வரம்பு சொல்லாமல் ‘நீ ரெசிலியன்ட்’ என்று தட்டிக்கொடுக்கலாமா?

மனிதனுக்கும் வரம்பு சொல்லப்பட்டதுண்டு. ஆனால் அதைச் சொல்ல வைத்தது புகழ்ச்சி அல்ல, போராட்டம். 1919ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதலாவது உடன்படிக்கையே வேலை நேரத்துக்கு நாளைக்கு 8 மணி என்று எல்லை கட்டியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. 1979ல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் இன்னொரு படி மேலே சென்றது. ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்படும் தொழிலாளிக்கு இடப்பெயர்வுப் படியும் பயணப் படியும் தர வேண்டும் என்றது. அச்சட்டம் பின்னாளில், 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. அச்சட்டத்தின் அடிப்படை எண்ணத்தை நாம் மறக்கக் கூடாது. சொந்த ஊரை விட்டு வருவது ஒரு சுமை, அந்தச் சுமைக்கு விலை உண்டு என்று அரசே எழுதி ஒப்புக்கொண்டது. ‘இடப்பெயர்வுப் படி’ என்ற சொல்லைச் சொன்னவன் பணம் எடுத்து வைக்க வேண்டும். ‘ரெசிலியன்ட்’ என்ற சொல்லைச் சொல்ல ஒரு காசும் செலவில்லை. எந்தச் சொல்லை முதலாளி விரும்புவான் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

சொல் வரும் வேளை

இச்சொல் எந்த வேளையில் நம்மைத் தேடி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும், செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள் பேச நேரும்போது வருகிறது.

2020 மார்ச் 24 இரவு நாடு முழுதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நடுவில் இருந்தது நாலு மணி நேரம். பேருந்து இல்லை, ரயில் இல்லை, கூலி இல்லை. தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாகத் தொழிலாளர் குடும்பங்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சொந்த மாநிலம் திரும்பியதாக அரசு பின்னர்க் கூறியது. எத்தனை பேர் வழியில் மாண்டனர் என்ற கணக்குத் தன்னிடம் இல்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அதே அரசு பதில் சொன்னது. அந்த நடையை ‘ரெசிலியன்ட்’ என்று அழைப்பது தகுமா? வேறு வழியற்றவன் நடப்பதற்கு மீள்திறன் என்று பெயரில்லை. கைவிடப்படுதல் என்று பெயர்.

நமக்கு அடுத்த பெருநகரமான சென்னையைப் பாருங்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 2013ல் ‘நூறு ரெசிலியன்ட் நகரங்கள்’ என்ற உலகத் திட்டத்தைத் தொடங்கியது. 2014 டிசம்பரில் சென்னை அதில் தேர்வானது. சரியாக ஓராண்டில், 2015 டிசம்பரில், நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஆற்றோரம் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டன. வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளையின் பள்ளி வேறிடம் என்று ஆனது. 2019ல் சென்னைக்கான மீள்திறன் திட்ட அறிக்கை வெளியானது. நீர்நிலை, குடியிருப்பு பற்றிய நல்ல யோசனைகளும் அதில் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரம் மீண்டும் மூழ்கியது. பட்டியலில் பெயர் சேர்ந்ததால் எந்த ஊரும் ‘ரெசிலியன்ட்’ ஆகிவிடுவதில்லை. வாய்க்கால் தூர்வாரப்பட்டதா, ஏரி காக்கப்பட்டதா, ஏழைக்குப் பிழைப்புக்கு அருகே வீடு கிடைத்ததா என்பதை வைத்துத்தான் அச்சொல்லை எடை போட வேண்டும்.

இது நம் நாட்டுக் குறைபாடு மட்டுமல்ல. 2005ல் கத்ரீனா புயலில் மூழ்கிய அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், எங்களை ‘ரெசிலியன்ட்’ என்று அழைப்பதை நிறுத்துங்கள் என்ற கருத்தில் பின்னாளில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. இவர்கள் எதையும் தாங்குவார்கள் என்ற பெயர் வந்துவிட்டால், இன்னும் ஒன்றை ஏற்றிவைக்க எவரும் தயங்க மாட்டார்கள் என்பது அம்மக்களின் அச்சம். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே.

எங்கே இச்சொல் பொருந்தும்?

அப்படியானால் இச்சொல்லையே தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். உரிய இடத்தில் இது உயர்ந்த சொல். இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றைக் கொண்டு அந்த இடத்தைக் காட்டலாம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964ல் இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. கேட்கப்படாமலே மக்கள் எண்ணிக்கையாக மாற்றப்பட்டார்கள். அந்தப் பல்லாண்டுகளில் அவர்கள் லயன் அறைகளில் வாழ்ந்தது சகிப்பு. அதை மீள்திறன் என்று சொல்வது அவர்கள் பட்ட அநீதிக்குப் பொட்டு வைப்பதாகும்.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்கம் கட்டினார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். பேரம் பேசினார்கள். படிப்படியாகச் சட்டங்கள் மாறி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, எஞ்சியிருந்த நாடற்றோரும் குடியுரிமை பெற வழி பிறந்தது. 1948லிருந்து 2003 வரை 55 ஆண்டுகள்! உரிமை திரும்பிய பின் வாக்களித்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் மக்கள் பிரதிநிதிகளாகவும் எழுந்து நின்றார்கள். குடியுரிமைப் போராட்டத்தில் அவர்கள் ‘ரெசிலியன்ட்’ என்று தலை நிமிர்ந்து எழுதலாம். கூலியிலும் காணியிலும் வீட்டிலும் அவர்கள் சுமை இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆகவே அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். அளந்து பேசுவது என்பது இதுதான்.

இன்னொன்றையும் இதில் கற்கலாம். அவர்கள் தனித்தனி ஆளாகத் துள்ளி எழவில்லை. சங்கத்தைப் பிடித்து எழுந்தார்கள், பள்ளியைப் பிடித்து எழுந்தார்கள், சட்டத்தைப் பிடித்து எழுந்தார்கள். மீள்திறன் என்பது பிறவிக் குணம் மட்டுமல்ல. பிடித்து எழ ஒரு கொம்பு இருந்தால்தான் கொடியும் எழும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பிள்ளைகளின் கட்டுரை. ‘என் அம்மா ரெசிலியன்ட்’ என்று பிள்ளை எழுதினால், எதிலிருந்து மீண்டார் என்று அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால், அங்கே ‘பொறுமைசாலி’ என்ற பொருள் தரும் வேறு சொல்லை இடச் சொல்லுங்கள். ஆசிரியரும் பாராட்டுவார், பிள்ளைக்கும் அம்மாவின் பாடு புரியும்.

இரண்டாவது, மதிப்பீட்டுத் தாள். இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்றதற்காக உங்களை ‘ரெசிலியன்ட்’ என்று எழுதியிருந்தால் மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டு வராதீர்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்கு உரிய கூலி தாளில் ஏறியதா, ஓய்வு நாள் கிடைத்ததா என்று பாருங்கள். குறிப்பாக நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு முடியாத நாளில் விடுப்புக் கேட்டால் ‘நீ ரெசிலியன்ட் ஆயிற்றே’ என்று சிரித்து அனுப்புவது பாராட்டு அல்ல, மறுப்பு.

மூன்றாவது, மனு. இதில்தான் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரு குடியிருப்பு இப்படி மனு எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘நாங்கள் ரெசிலியன்ட் ஆன மக்கள். மூன்று மழைக்காலமாகத் தண்ணீர் தேங்கியும் சமாளித்து வருகிறோம். வடிகால் அமைத்துத் தர வேண்டுகிறோம்.’ படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? சமாளிக்கிறவர்கள்தானே, நாலாவது மழைக்காலத்தையும் சமாளிக்கட்டும் என்று கோப்பை அடியில் வைப்பார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்று மழைக்காலமாகத் தண்ணீர் தேங்குகிறது. வடிகால் இல்லை. இத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது. இத்தனை நாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. இதற்கு மேல் எங்களால் முடியாது.’ இரண்டாவது மனுவில் வரம்பு இருக்கிறது. வரம்பு சொன்ன மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘முடியாது’ என்று எழுதுவது கேவலம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பிழைக்க வந்த இடத்தில் குறை சொல்லலாமா என்று கூச்சப்படுகிறோம். தோழர்களே, தாய்மார்களே! இந்த ஊரின் சாலையிலும் கட்டடத்திலும் தொழிற்கூடத்திலும் நம் வியர்வை இருக்கிறது. நாம் கேட்பது பிச்சை அல்ல. இரும்பு தன் எல்லையைச் சொல்லும்போது பொறியாளன் அதைக் கேவலம் என்று எண்ணுவதில்லை. சுமையைக் குறைக்கிறான் அல்லது இன்னொரு தூணை நாட்டுகிறான்.

இனி இந்தச் சொல் நம்மைத் தேடி வரும்போது மூன்று கேள்விகள் கேட்போம். சுமை இறங்கியதா? எவ்வளவுதான் எங்கள் வரம்பு என்று எழுதியிருக்கிறீர்களா? எழுந்து நிற்க என்ன பிடிமானம் தந்தீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தப் புகழ்ச்சியை நன்றியோடு வாங்கிக்கொள்வோம். இல்லையென்றால், முதலில் முதுகில் உள்ள மூட்டையை இறக்குங்கள், பிறகு எங்கள் மீள்திறனைப் பாருங்கள் என்று ஒரே குரலில் சொல்லுவோம்.